நாற்பத்து மூன்றுக்கு எட்டு

இந்தியாவுக்கு எதற்காக வருகிறீர்கள் என்று விமான நிலையத்தில் கேட்ட அதிகாரியிடம், பல்சக்கரம் வாங்க என்று உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோயில் எதற்கும் போகவில்லையா என்றார். நேரம் இருந்தால் போவேன் என்றேன். படிவத்தில் 'கோயில்' என்று எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் மலேசியாவில், கேமரன் மலையில், முட்டைக்கோஸ் ஏற்றி இறக்குகிறவன். சரிவில் இருக்கும் தோட்டங்களிலிருந்து லாரி நிற்கும் சாலைவரைக்கும் காய்கறியைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு பழைய ஜீப் வைத்திருந்தேன். மழையில் பாதை குழிந்து ஜீப்பின் வயிறு தரையில் தட்டியது. பெரிய டயர் நான்கு வாங்கி மாட்டினேன். வயிறு தட்டுவது நின்றது. மேடு ஏறுவதும் நின்றது.

டயர் பெரிதானால் சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் உருளும். எஞ்சின் என்னவோ அதே எஞ்சின்தான். அது திணறும். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்து, கிளட்சைப் பாதி விட்டு, இரண்டு முறை கிளட்ச் பிளேட்டைக் கருக்கினேன். இதற்கு மருந்து டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிறது. அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்பு உருண்டை தொங்குமே, அது. உள்ளே கிரவுன் என்று ஒரு பெரிய பல்சக்கரமும், அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னதும் இருக்கும். என் ஜீப்பில் கிரவுனுக்கு முப்பத்தொன்பது பல், பினியனுக்கு எட்டு. எனக்கு வேண்டியது நாற்பத்து மூன்றுக்கு எட்டு. வேகம் கொஞ்சம் குறையும், இழுவை கூடும். முன் அச்சுக்கு ஒரு ஜோடி, பின் அச்சுக்கு ஒரு ஜோடி. இரண்டும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும்போது முன்னது ஒரு வேகம், பின்னது ஒரு வேகம் என்று சண்டை வந்து நடுவில் ஏதாவது உடையும்.

அந்த ஜீப்புக்கு எங்கள் நாட்டில் சாமான் வருவது நின்று வெகுநாள் ஆகியிருந்தது. இந்தியாவில் அதே அச்சில் இன்னும் ஜீப் ஓடுகிறது, கோயம்புத்தூருக்குப் போ என்று ஈப்போ சாமான்கடைக்காரர் ஒருவர் சொன்னார். மாதக் கடைசிக்குள் வண்டி ஏறாவிட்டால் வேலையைப் பக்கத்து லாரிக்காரருக்குக் கொடுத்துவிடுவதாக மேல்தோட்டத்துக்காரர் சொல்லியிருந்தார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் நாள் கோயம்புத்தூரில் நான் கேட்ட முதல் சண்டை ஒரு பஸ் டிரைவருக்கும் ஸ்கூட்டர்காரருக்கும் நடந்தது. "ஏனுங்க, நீங்க உள்ள பூந்து செத்துப்போனா யாருங்க பதில் சொல்றது?" என்றார் டிரைவர். "நீங்கதானுங்க சொல்லோணும்" என்றார் ஸ்கூட்டர்காரர். இரண்டு பேரும் கோபமாகத்தான் இருந்தார்கள். எங்கள் ஊரில் இந்த மரியாதை கல்யாணப் பத்திரிகையில்தான் இருக்கும்.

லாட்ஜில் சாப்பிட உட்கார்ந்ததும் பரிமாறியவர் தண்ணீரை ஊற்றிவிட்டு அங்கேயே நின்றார். "தண்ணி எப்படீங்க இருக்குது?" நன்றாக இருக்கிறது என்றேன். "சிறுவாணிங்க" என்றார். அதன் பிறகுதான் இலை வந்தது. அந்த எட்டு நாளில் ஏழு பேர் என்னிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டார்கள். சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நன்றாக இருக்கும் என்று அவர்களுக்கே தெரியும் போல.

மறுநாள் காலை சந்தகையும் தேங்காய்ப் பாலும் பசியாறினேன். எங்கள் ஊரில் புட்டு மாயம் என்று சைக்கிளில் வரும் அதே இடியாப்பம், இங்கே பெயர் மாறி, வெல்லம் கரைந்து, இன்னும் மெல்லியதாக வந்தது. பிறகு லாட்ஜ்காரர் சொன்ன அடையாளத்தை வைத்து உக்கடத்துக்கு நடந்தேன். குளத்தங்கரையை ஒட்டிப் பழைய இரும்புக்கடைகள். அவற்றுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் தேவராஜ் இருந்தார்.

தேவராஜுக்கு என் வயதுதான், நாற்பதை ஒட்டி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு டிஃபரன்ஷியல் வேலை செய்பவரை நான் அதுவரை பார்த்ததில்லை. சட்டையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. நான் கதையைச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "பெரிய டயரு" என்றார். ஆமாம் என்றேன். "எல்லாரும் டயரத்தானுங்க மொதல்ல வாங்கறாங்க" என்றார்.

அவருடைய அப்பா, தாத்தா எல்லாம் பொள்ளாச்சிப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். ஏன் அதை விட்டு வந்தீர்கள் என்று கேட்டேன். "எனக்கு மாடுன்னா பயமுங்க" என்றார். என் தாத்தாவும் இப்படி ஊரை விட்டுப் போனவர்தான், இவரைவிடக் கொஞ்சம் தொலைவுக்கு. அவருக்கு எது பயம் என்று எங்களுக்குச் சொன்னதில்லை.

நானும் தேவராஜும், எல்லோரும் நாயுடு என்று கூப்பிடும் ஒருவருடைய உதிரிச் சாமான் கடைக்குப் போனோம். அலமாரி உச்சியிலிருந்து அட்டைப்பெட்டிகள் இரண்டு இறங்கின. இரண்டின் மேலும் 43-8 என்று எழுதியிருந்தது. தேவராஜ் எழுத்தைப் பார்க்கவே இல்லை. கிரவுனை வெளியே எடுத்து, ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். எண்ணினேன். முதலாவது நாற்பத்து மூன்று. இரண்டாவது முப்பத்தொன்பது.

நாயுடுவுக்கு அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன் வந்தது. "சாப்பிட லேட்டாகும். மலேசியாவிலிருந்து ஒருத்தன் வந்து, மாடு வாங்குறவன் மாதிரி பல்லை எண்ணிக்கிட்டு நிக்கிறான்" என்று தெலுங்கில் சொன்னார். நான் பிறந்த எஸ்டேட்டில் பாதி வீடு தெலுங்கு வீடு. போனை வைத்ததும், இந்த மாட்டுக்கு நாலு பல் குறைகிறது என்று தெலுங்கிலேயே சொன்னேன். நாயுடு சிரிக்கவில்லை. கடைப் பையன்கள் யாரையும் கூப்பிடாமல் தானே ஏணியில் ஏறி, மதியம்வரை பெட்டி பெட்டியாகப் பிரித்து, சரியானதை எடுத்துக் கொடுத்தார். அவரிடம் இருந்தது இரண்டு ஜோடி சேர்ந்த அந்த ஒரு செட்தான், அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். நான் என் மனைவி செல்விக்கு வாங்கியிருந்த சென்னிமலைப் போர்வையில் அதைச் சுற்றிக்கொண்டேன். பல்சக்கரத்துக்குத் துருப்பிடிக்காமல் இருக்கக் கிரீஸ் தடவியிருப்பார்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். "வாங்கறது சுலபமுங்க. உக்கார வெக்கறதுதான் வேலை" என்றார் தேவராஜ். கிரவுனும் பினியனும் ஒன்றையொன்று சரியான இடத்தில் தொட வேண்டும். தொடுவது முடி அளவு தள்ளிப்போனாலும் முதலில் ஊளையிடும், பிறகு உடையும். எங்கள் ஊர் மெக்கானிக் இதைச் செய்தது உண்டா என்று கேட்டார். ஒருமுறை செய்தார், அந்த வண்டி வருவது இரண்டு கம்பத்துக்கு, அதாவது இரண்டு கிராமத்துக்குக் கேட்கும் என்றேன். "அப்ப நாளைக்கு வாங்க. நீங்களே படிச்சுக்குங்க" என்றார்.

மூன்றாம் நாள் கொட்டகைக்குப் போனபோது வாசலில் ஒரு ஜீப் நின்றது. என் ஜீப்பின் தம்பி என்று சொல்லலாம். அதே உடம்பு, அதே மாதிரி பொருந்தாத பெரிய டயர். பக்கத்தில் ஒரு பெண் ஆயில் டிரம் மேல் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பெயர் மாதம்மா. அந்தியூருக்கு மேலே மலைக்கிராமங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர்.

"புருஷனுக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. வண்டிக்கு மங்கலீங்க. அதுனால நான் ஓட்டறேன்" என்றார்.

பாறை தட்டுகிறது என்று பெரிய டயர் போட்டிருந்தார். போட்டதிலிருந்து வழுக்குப்பாறை மேடு என்ற இடத்தில் வண்டி ஏறவில்லை. ஆட்களை இறக்கி நடக்கவிட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து வைத்து ஏற்றிக்கொண்டிருந்தார். எட்டு மாதத்துக்கு முன்பு பிரசவ வலியோடு ஒரு பெண்ணை அந்தியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வலி நின்றுவிட்டது, ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பப்பட்டுத் திரும்பியபோது, அதே மேட்டில் மறுபடியும் வலி எடுத்துவிட்டது. அவளை இறங்கி நடக்கச் சொல்ல முடியாது. கல் நழுவி வண்டி பின்னால் உருண்டு மண்சரிவில் சாய்ந்து நின்றது.

"கொழந்த அங்கயே பொறந்துபோச்சுங்க. நான் எறங்கிப் பாக்க முடியல. ஹேண்ட் பிரேக்கு புடிக்காது, கால எடுத்தா வண்டி போயிரும். பிரேக்க மிதிச்சுக்கிட்டே, என்ன கொழந்தைன்னு முன்னால பாத்துக் கேட்டேன்."

"என்ன குழந்தை?"

"பொண்ணுங்க. நல்லா இருக்குது."

தேவராஜ் அவரிடம் நாயுடு கடையில் இருந்த ஒரே செட் நேற்று போய்விட்டது என்றார். யாருக்கு என்று மாதம்மா கேட்டார். தேவராஜ் ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். நானே, எனக்கு என்றேன். அதற்காகத்தான் கடல் தாண்டி வந்தேன் என்றும், மாதக் கடைசிக்குள் வேண்டும் என்றும் சொன்னேன். கேட்காத காரணங்களையும் சேர்த்துச் சொன்னேன்.

"சரீங்க" என்றார் மாதம்மா. பிறகு, "சாப்டீங்களா?" என்று கேட்டு ஒரு கை கடலை கொடுத்தார். அவர் கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அன்று முழுவதும் ஒரு பழைய டிஃபரன்ஷியல் கூட்டை மேசைமேல் வைத்து தேவராஜ் எனக்குப் பாடம் எடுத்தார். பினியனுக்கு அடியில் காகிதம் மாதிரி மெல்லிய வளையங்களைப் போட்டுத்தான் அதை முன்னும் பின்னும் நகர்த்துவது. சிம் என்பார்கள். பல்லில் சிவப்புப் பெயின்ட் தடவிச் சுற்றினால், தொடும் இடத்தில் பெயின்ட் விலகித் தடம் விழும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். என் தடம் முதல் முறை ஓரத்தில் விழுந்தது. இரண்டாம் முறை மறு ஓரத்தில். மூன்றாம் முறை தடமே இல்லை. வளையத்தைப் போட மறந்திருந்தேன்.

மதியம் தேவராஜின் மனைவி எஸ்தர் கொடுத்தனுப்பிய தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம் இருந்தது. நெய் ஊற்றி மூன்று பேரும் சாப்பிட்டோம். மாதம்மா தன் பங்குக்கு ராகி உருண்டை எடுத்துவைத்தார்.

நான்காம் நாள் கொட்டகைக்குப் போக மனம் வரவில்லை. ஊர் பார்க்கலாம் என்று உக்கடம் பஸ் நிலையத்தில் பேரூர் போகும் என்று நினைத்த பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டேன். விழித்தபோது எல்லோரும் மலையாளம் பேசினார்கள். பாலக்காட்டில் இறங்கி ஒரு நேந்திரம்பழ பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். கண்டக்டர், "சுத்திப் பாத்தாச்சுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

சாயங்காலம் போன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். செல்விக்குச் சக்கரம் கிடைத்தது தெரிந்ததும் நிம்மதி. பிறகு, பேச்சோடு பேச்சாக மாதம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஜீப்பில் பிறந்த குழந்தையைப் பற்றியும் சொன்னேன்.

"நம்ம ஜீப்புல முட்டைக்கோஸ்தானே ஏறுது" என்றாள்.

"அதை ஏத்தாட்டி நாம என்ன சாப்பிடறது?"

"பழைய டயரை என்ன பண்ணீங்க?"

"நம்ம ஜீப் கொட்டகைக்குப் பின்னாடி கிடக்குது."

"அதை மறுபடி மாட்டுங்க. வயிறு தட்டினா தட்டட்டும். பாதி பாதியா ஏத்துங்க."

பெரிய டயரைக் கழற்றலாம் என்ற யோசனை எனக்கு அதுவரை வரவில்லை. மூன்று மாதமாக, இரண்டு கிளட்ச் பிளேட், ஒரு விமானப் பயணம் ஆகியும் வரவில்லை. பழைய டயர் தேய்ந்து வழுக்கையாக இருக்கிறது என்று சமாளித்தேன். செல்வி, போர்வை வாங்கியாயிற்றா என்று கேட்டாள். வாங்கியாயிற்று என்றேன். அதன் நிலைமையைச் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை போர்வைக் கட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மாதம்மா ஊருக்குத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்தார். இதை உங்கள் வண்டியில் போடுங்கள், ஆனால் நான்தான் போடுவேன், தேவராஜ் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றேன். மேசைமேல் என்னால் கற்றுக்கொள்ள முடியாது என்பது தெரிந்துவிட்டது, ஓடுகிற வண்டியில் செய்து பார்த்தால்தான் எனக்கும் ஆகும் என்றும் சொன்னேன். அது உண்மைதான். முழு உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாதம்மா என்னையும் கட்டையும் பார்த்தார். "போர்வையெல்லாம் கிரீசுங்க" என்றார்.

செட்டுக்கு மாதம்மா கொடுத்த பணத்தோடு தேவராஜ் நாயுடுவிடம் ஆள் அனுப்பினார். அடுத்த செட் வந்ததும் கப்பலில் மலேசியாவுக்கு அனுப்புவதாக நாயுடு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டாராம். காலண்டர் தாள்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் அதற்குள் ஜீப்பின் பின்சக்கரங்களைக் கழற்றியாகிவிட்டது.

வேலை இரண்டு நாள் எடுத்தது. பின் அச்சில் பழைய கிரவுனை எடுத்துப் புதியதைப் போட்டு, சிவப்புப் பெயின்ட் தடவி, சுற்றினேன். தேவராஜ் டார்ச் அடித்தார். டிரம்மேல் உட்கார்ந்தபடி மாதம்மா, "வந்துச்சுங்களா?" என்றார். "இல்லீங்க" என்றார் தேவராஜ். எல்லாவற்றையும் கழற்றி ஒரு வளையம் கூட்டினேன். "வந்துச்சுங்களா?" "இல்லீங்க." மறுபடியும் கழற்றி, போட்டதில் பாதி கனத்துக்கு ஒரு வளையம். நான்காவது முறை, பல்லின் நடுவில், புளியங்கொட்டை அளவில் பளபளப்பாக ஒரு தடம் விழுந்தது. தேவராஜ் டார்ச்சை அணைத்தார். மாதம்மா கேட்கவில்லை, எழுந்து வந்து தானே குனிந்து பார்த்தார்.

ஆறாம் நாள் முன் அச்சு. பழகிய கை என்று நினைத்தேன், அதற்கும் மூன்று முறை ஆயிற்று. கடைசியில் ஒரு சோதனை. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுகிறது என்று சாக்பீஸ் குறியை வைத்து எண்ண வேண்டும். பின்பக்கம் ஐந்தேகாலும் கொஞ்சமும். முன்பக்கமும் ஐந்தேகாலும் கொஞ்சமும். "ஒத்துப்போச்சுங்க" என்றார் தேவராஜ். அவர் சட்டை அப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தது. என்னுடையதை லாட்ஜில் துவைக்க வாங்க மறுத்துவிட்டார்கள்.

"நீங்க வந்து பாக்கோணுமுங்க. பாக்காமப் போனா எனக்கு நல்லா இருக்காது" என்றார் மாதம்மா. ஏழாம் நாள் விடிந்ததும் கிளம்பினோம். புதுப் பல்சக்கரம் ஒன்றோடொன்று பழகும்வரை சூடேறும், அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டும் என்று தேவராஜ் சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் நிறுத்திய இடமெல்லாம் பேக்கரி. கோயம்புத்தூருக்கும் அந்தியூருக்கும் நடுவில் ஆறு டீ, நான்கு தேங்காய் பன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாதம்மா குனிந்து டிஃபரன்ஷியலைத் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பது போல.

அந்தியூரில் குதிரைச் சந்தை கூடும் மைதானம் காலியாகக் கிடந்தது. அதைக் கடக்கும்போது, "குதிரையே வாங்கியிருக்கலாமுங்க" என்றார்.

வாரச் சந்தைக்கு வந்திருந்த மலைக்காரர்கள் பத்துப் பேர் ஏறினார்கள். ராகி மூட்டை ஐந்து. கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் ஏறி என் எதிரில் உட்கார்ந்தாள். மலையடிவாரத்தில் போலீஸ் சோதனைச் சாவடி. அந்த நாளில் காட்டுக்குள் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். யாரை என்று பேப்பர் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். போலீஸ்காரர் என் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"மலேசியாவுல இருந்து இந்த மலைக்கு எதுக்கு?"

"இந்த ஜீப் மேடு ஏறுதான்னு பாக்க."

அவர் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மாதம்மாவைக் கேட்டார். "ஏறுமா?"

"தெரியலீங்க" என்றார் மாதம்மா.

"வந்து சொல்லிட்டுப் போங்க" என்று பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்.

வழுக்குப்பாறை மேடு, பெயருக்கு ஏற்றபடி, பாறையும் வழுக்கலும்தான். ஒரு பக்கம் மண்சரிவு, மறுபக்கம் மூங்கில், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மேட்டடியில் ஜீப் மெதுவானதுமே எல்லோரும் இறங்க ஆரம்பித்தார்கள். உட்காருங்கள், இன்று ஏறும் என்று மாதம்மா சொன்னார். ஒரு பெரியவர் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இறங்கினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "நீ போனதடவையும் இதத்தான் சொன்னன்னு சொல்றாருங்க" என்றார் மாதம்மா.

எதிரில் இருந்த பெண் மட்டும் இறங்கவில்லை. குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நான், இறங்கவில்லையா என்று கேட்டேன்.

"அன்னிக்கே எறங்கல. இன்னிக்கு எதுக்குங்க?" என்றாள்.

அப்போதுதான் அது யார் என்று எனக்குப் புரிந்தது. என் கையால் போட்ட பல்சக்கரத்தை நம்பி அந்தக் குழந்தை தூங்குகிறது என்பதும் புரிந்தது. வளையங்களை மனதுக்குள் மறுபடி எண்ணினேன். பினியன் நட்டை முறுக்கினேனா என்று சந்தேகம் வந்தது. முறுக்கியிருந்தேன், தேவராஜும் முறுக்கிப் பார்த்தார். இருந்தாலும் சந்தேகம் போகவில்லை.

மாதம்மா நான்கு சக்கர இழுவையைப் போட்டார். கிளட்சை முழுதாக விட்டார், பாதி விடவில்லை. ஜீப் ஏறியது. வேகமாக ஏறவில்லை. ஒவ்வொரு பாறையிலும் சக்கரம் ஒரு மூச்சு நின்று, பிடித்து, அடுத்த பாறைக்குப் போனது. எஞ்சின் கத்தவில்லை. கருகல் வாசனை வருகிறதா என்று மூக்கை நீட்டிக்கொண்டே இருந்தேன், மூங்கில் வாசனைதான் வந்தது. போன தடவை சாய்ந்து நின்ற சரிவு இடதுபக்கம் வந்து, பின்னால் போயிற்று. மாதம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்து போய்க்கொண்டிருந்தவர்களைத் தாண்டினோம். அவர்கள் கையசைத்து நிறுத்தச் சொன்னார்கள். மேட்டில் நிறுத்தக்கூடாது என்று மாதம்மா உச்சிவரை நிறுத்தவே இல்லை.

உச்சியில் எஞ்சினை அணைத்தார். டிஃபரன்ஷியலைத் தொட்டுப் பார்க்கப் போனவர், தொடாமல் மட்கார்டில் கை வைத்தபடி நின்றார். கால் மணி நேரம் கழித்துப் பெரியவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"ஏறும்னா சொல்ல வேண்டாமா?" என்றார், இந்த முறை தமிழில்.

"சொன்னனுங்க" என்றார் மாதம்மா.

அன்றிரவு அவர்கள் வீட்டில் ராகிக் களியும் கோழிச்சாறும் போட்டார்கள். கண் மங்கிய கணவர், ஜீப் வரும் சத்தம் மாறிவிட்டது, வேறு யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன் என்றார். எட்டாம் நாள் இறங்கும்போது சாவடியில் நிறுத்தி, ஏறியது என்று சொன்னோம். போலீஸ்காரர் தலையாட்டி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் ஊர் திரும்பிப் பழைய டயரை மாட்டினேன். வயிறு தட்டியது. பாதி பாதியாக ஏற்றியதில், மாதக் கடைசியில் மேல்தோட்டத்து வேலை லாரிக்காரருக்குப் போய்விட்டது. கீழ்த்தோட்டம் மட்டும் என்னிடம் மிஞ்சியது. செல்வி போர்வையை நான்கு முறை துவைத்துவிட்டு ஜீப் சீட்டுக்கு விரித்துவிட்டாள்.

நான்காவது மாதம் துறைமுகத்திலிருந்து தகவல் வந்தது. நாயுடுவின் பெட்டி. திறந்ததும் பல்லை எண்ணினேன், இரண்டும் சரி. எங்கள் ஊர் மெக்கானிக் டார்ச் அடிக்க, நான் வளையம் மாற்றி மாற்றி, முன்னும் பின்னுமாக ஒன்பது முறை கழற்றிப் பூட்டினேன். பெரிய டயரை மறுபடி மாட்டினேன். மேல்தோட்டத்துக்காரர் ஏறிக் காட்டு, பிறகு பேசலாம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வியை ஏற்றிக்கொண்டு மேட்டை ஏறினேன். ஜீப் எங்கும் திணறவில்லை. பின்னால் நழுவவும் இல்லை. ஆனால் மிகவும் மெதுவாகப் போனது. பாதி மேட்டில் செல்வி, பாதையோரத்தில் கறிக்கு ஆகும் பெரணிக் கொழுந்து நன்றாக இருக்கிறது என்றாள். இறங்கினாள். ஒரு கைப்பிடி பறித்தாள், முற்றியதைக் கிள்ளிப் போட்டாள், இன்னும் கொஞ்சம் பறித்து முந்தானையில் கட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்து வந்து மறுபடியும் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியை நிறுத்தவில்லை.